ஓவியப் பாடவேளையில் யாருடைய கேள்வி?
திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டிப் பள்ளிகளை முன்வைத்து

1. கட்டுரையின் கேள்வி

உயர்நிலைப் பள்ளி ஓவிய வகுப்பைப் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் இரண்டு இடங்களில் நின்றுவிடுகிறது. ஒன்று, ஓவிய ஆசிரியர் பணியிடங்களைப் பற்றிய நிர்வாகப் பேச்சு. மற்றொன்று, போட்டிகளில் பரிசு வாங்கிய பிள்ளைகளைப் பாராட்டும் பேச்சு. இரண்டும் வேண்டியவையே. ஆனால் இவற்றுக்கு நடுவே ஒரு கேள்வி கேட்கப்படாமலே போகிறது: அந்த வகுப்பில் மாணவர் எதை வரைகிறார்? அதைத்தான் வரைய வேண்டும் என்று முடிவு செய்தவர் யார்?

இந்தக் கேள்வியைத் திருவள்ளூர் மாவட்டத்தை, குறிப்பாகக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியை, முன்வைத்து ஆராய்வதற்குக் காரணம் உண்டு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து 1997இல் பிரிந்த இம்மாவட்டத்தில், ஒருவருக்கொருவர் முற்றிலும் வேறான வாழ்க்கை உடைய பிள்ளைகள் ஒரே பாடத்திட்டத்தைப் படிக்கிறார்கள். பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பிள்ளைகள், பள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள், இருளர் குடியிருப்புகளின் பிள்ளைகள், சிப்காட் ஆலைகளில் ஒப்பந்த வேலை பார்ப்போரின் பிள்ளைகள், கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், வடமாநிலங்களிலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் என்று பட்டியல் நீளும். இத்தனை வேறுபாடு உள்ள இடத்தில் ஓவியங்களும் வேறுபட்டிருக்க வேண்டும். நம் பள்ளி ஓவியங்களோ ஒன்றைப்போல் ஒன்று இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் கற்பனை போதாததால் இப்படி நேரவில்லை; எதை வரைவது என்று தீர்மானிக்கும் உரிமை அவர்கள் கைக்கு வராததால் நேர்கிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

2. சட்டம் எட்டாம் வகுப்போடு நிற்கிறது

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் கலைக்கல்வி, உடற்கல்வி, பணிக்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்று தன் அட்டவணையில் சொல்கிறது. இதன் அடிப்படையில் தமிழ்நாட்டில் 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். தொடக்கத்தில் மாத ஊதியம் 5,000 ரூபாய். வேலை வாரத்துக்கு மூன்று அரைநாட்கள். பின்னர் ஊதியம் படிப்படியாக உயர்ந்து 12,500 ரூபாய் ஆனது. மே மாதத்துக்கு ஊதியம் இல்லை என்பதும் பணி நிரந்தரம் இல்லை என்பதும் அவர்களுடைய நெடுநாள் குறைகளாக இருந்துவந்தன.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பமான பள்ளம் இருக்கிறது. சட்டத்தின் எல்லை எட்டாம் வகுப்போடு முடிகிறது. 9, 10ஆம் வகுப்புகளில் ஓவியம் கற்பிக்க அந்தச் சட்டம் எந்த உறுதியும் தரவில்லை. உயர்நிலைப் பள்ளிகளில் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி ஆகியவற்றுக்கான சிறப்பாசிரியர் பணியிடங்கள் உண்டு. அத்தகைய 1,325 இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் 2017இல் எழுத்துத் தேர்வு நடத்தியது. ஆனாலும் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஐந்து பாடங்கள், 500 மதிப்பெண் என்று இருக்கும்வரை, பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் ஓவியப் பாடவேளைதான் முதலில் கணக்குக்கோ அறிவியலுக்கோ கைமாறும்.

அரசு விலையில்லாமல் தரும் பொருள்களிலும் இதே போக்கைக் காணலாம். ஒன்று, இரண்டாம் வகுப்புக்குக் கிரையான். மூன்று முதல் ஐந்து வரை வண்ணப் பென்சில். ஆறாம் வகுப்பிலிருந்து கணித உபகரணப் பெட்டி. பிள்ளை வளர வளர வண்ணம் கையைவிட்டுப் போய், காம்பஸும் கோணமானியும் வருகின்றன. வண்ணம் சிறுபிள்ளை விளையாட்டு, வளர்ந்தவருக்குத் தேவையற்றது என்ற எண்ணம் யாரும் சொல்லாமலே இதில் அடங்கியிருக்கிறது. பதின்மூன்று, பதினான்கு வயதில்தான் பிள்ளைகள் தம்மையும் ஊரையும் புதிய கண்ணால் பார்க்கத் தொடங்குகிறார்கள். அந்த வயதில்தான் நாம் அவர்களுடைய ஓவிய வகுப்பைச் சுருக்குகிறோம்.

3. நமக்கு வந்து சேர்ந்த மூன்று மரபுகள்

இன்றைய ஓவிய வகுப்பு மூன்று மரபுகளின் கலவை. ஒவ்வொன்றின் பலத்தையும் எல்லையையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

முதலாவது, கைப்பயிற்சி மரபு. 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளி, நுண்கலையையும் தொழிற்கலையையும் சேர்த்தே கற்பிக்க முயன்றது. லண்டன் சவுத் கென்சிங்டன் பாடமுறையின் தாக்கத்தில், வெறுங்கைக் கோட்டோவியம், மாதிரிப் பொருளைப் பார்த்து வரைதல், வடிவியல் வரைபடம் என்ற பகுப்பு இங்கும் வேரூன்றியது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் லோயர், ஹையர் என்று இரு நிலைகளில் நடத்தும் ஓவியத் தொழில்நுட்பத் தேர்வுகளில் அந்தப் பகுப்பு இன்றும் வாழ்கிறது. இம்மரபைப் பழமை என்று ஒதுக்குவது நியாயமில்லை. ஒரு குடத்தின் விளிம்பு ஏன் நீள்வட்டமாகத் தெரிகிறது என்று கண்டுகொண்ட கை, ஐ.டி.ஐ.யில் பொறியியல் வரைபடம் படிக்கும்போதும் தடுமாறாது. தொழிற்பேட்டைக்கு அருகில் வளரும் பிள்ளைக்கு இது சிறிய உதவியல்ல. ஆனால் குடத்தை மேசைமேல் வைத்தவர் ஆசிரியர். எந்தக் குடம், யார் வீட்டுக் குடம், அதில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விகளுக்கு இம்மரபில் இடமில்லை.

இரண்டாவது, கைத்தொழில் மரபு. 1937 வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, கையால் செய்யும் தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தது. சாந்திநிகேதனில் பயின்ற தேவி பிரசாத், சேவாகிராமத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து, அந்தத் தொழில் வெறும் உற்பத்தியாகிவிடாமல் பிள்ளையின் வெளிப்பாடாகவும் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். உழைப்பை மதிக்கக் கற்பிப்பது இம்மரபின் பலம். பெற்றோரின் தொழிலையே பிள்ளைக்கும் விதித்துவிடும் அபாயமும் இதற்குள் உண்டு. பிறப்பால் தொழில் பிரிக்கப்பட்ட ஒரு சமூகத்தில் இந்த எச்சரிக்கையை ஒருபோதும் தளர்த்தக் கூடாது. செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சூளையை வரையலாம். சூளையைத்தான் வரைய வேண்டும் என்று யாரும் சொல்லக் கூடாது.

மூன்றாவது, போட்டி மரபு. தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை 2022–23இல் தொடங்கிய கலைத் திருவிழா, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்ற படிநிலைகளில் நடக்கிறது; மாநில அளவில் வென்றோர் கலையரசன், கலையரசி என்ற பட்டங்கள் பெறுகிறார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பெரிய மேடை கிடைத்தது உண்மையான சாதனை. தனியார் பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடியாத வீடுகளிலிருந்து வந்தவர்கள் அந்த மேடையில் நிற்கிறார்கள். எனினும், போட்டி தன் இயல்பால் சில கட்டுப்பாடுகளைக் கொண்டுவருகிறது. தலைப்பு மேலிருந்து வருகிறது. குறித்த நேரத்துக்குள் படம் முடிய வேண்டும். நடுவர் ஒருசில நிமிடங்களில் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஆகவே, பார்த்தவுடன் புரியும் படமே முந்துகிறது. சூழல் பாதுகாப்பு என்ற தலைப்புக்கு, பாதி பசுமையாகவும் பாதி வறண்டதாகவும் பிளந்த பூமி உருண்டை எல்லா ஊர்களிலும் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

மூன்று மரபுகளும் மாணவருக்கு எதையோ தருகின்றன: முதலாவது கையை, இரண்டாவது பொருளை, மூன்றாவது மேடையை. கேள்வியை மட்டும் மூன்றும் தம்மிடமே வைத்துக்கொள்கின்றன.

4. பார்த்து வரைதல் குற்றமா?

பள்ளிகளில் மட்டுமே காணக்கிடைக்கும் ஒரு தனி ஓவியப் பாணி உண்டு என்று அமெரிக்கக் கலைக்கல்வி ஆய்வாளர் ஆர்தர் எஃப்லண்ட் 1976இல் எழுதினார். அந்தப் பாணி பள்ளிக்கு வெளியே எங்கும் இல்லை; அது பிள்ளையின் தேவையைவிடப் பள்ளி என்ற நிறுவனத்தின் தேவையையே நிறைவேற்றுகிறது; சுதந்திரம் இருப்பதுபோன்ற தோற்றத்தைத் தருகிறது என்பது அவர் கூற்று. நம் ஊர் எடுத்துக்காட்டு எல்லோருக்கும் தெரியும்: இரண்டு மலைகள், நடுவே எழும் சூரியன், வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை, சாய்ந்த தென்னை. பழவேற்காட்டுப் பிள்ளை நாள்தோறும் நீர்ப்பரப்பின் மேல் சூரியன் எழுவதைப் பார்க்கிறது. தாளில் மட்டும் சூரியன் மலைகளுக்கு நடுவிலிருந்து எழுகிறது.

இதற்குப் பழக்கமான விளக்கம், நகலெடுப்பது படைப்பைக் கெடுக்கிறது என்பது. 1897இல் வியன்னாவில் சிறார் ஓவிய வகுப்பைத் தொடங்கிய ஃபிரான்ஸ் சீசெக்கிலிருந்து, 1947இல் வெளிவந்த நூலில் பிள்ளையின் வளர்ச்சிப் படிகளை வகுத்த விக்டர் லோவன்ஃபெல்ட் வரை பலர் இந்தப் பக்கம் நிற்கிறார்கள். ஆனால் பிரென்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும் 1977இல் வெளியிட்ட ஆய்வு இதை மறுத்தது. பிள்ளைகள் பெரும்பாலும் பிற படங்களைப் பார்த்தே படம் வரையக் கற்கிறார்கள் என்று அவர்கள் காட்டினார்கள்.

தமிழ் அனுபவம் வில்சன்களின் பக்கம் சாய்கிறது. கோலம் பார்த்துப் போட்டே கற்கப்படுகிறது. சிற்பியும் நெசவாளரும் கைமாறி வந்த அளவுகளைப் பலமுறை செய்து பழகிய பிறகே தம் வழியைக் காண்கிறார்கள். சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக 1957 முதல் இருந்து, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக வழிவகுத்த கே.சி.எஸ். பணிக்கர், 1960களில் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசைக்கு ஜாதகக் கட்டங்களையும் கையெழுத்து வரிகளையும் போன்ற வடிவங்களை எடுத்துக்கொண்டார். அந்த வடிவங்களை அவர் உருவாக்கவில்லை. அவற்றிடம் தன் கேள்வியோடு போனார் என்பதே முக்கியம்.

ஆகவே நகலெடுப்பதில் குற்றமில்லை. எதைப் பார்த்து வரைவது, எதற்காக வரைவது என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இல்லாததே குறை. இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டால், ஆசிரியர் செய்ய வேண்டிய வேலையும் மாறுகிறது.

5. ஊர் தரும் பொருள்

மாணவர் தாமே தேடிச் செய்யும் ஓவியச் செயல்திட்டம் எப்படி இருக்கலாம் என்பதற்கு இம்மாவட்டமே மூன்று சான்றுகள் தருகிறது.

முதலாவது, பூண்டி. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அதன் அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் கண்டெடுத்த கற்கருவிகள் இந்தியத் தொல்லியலின் தொடக்கப் பக்கங்களைச் சேர்ந்தவை. சாந்தி பப்புவும் குமார் அகிலேசும் அங்கு நடத்திய அகழாய்வு, கைக்கோடரி செய்தவர்கள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வாழ்ந்தார்கள் என்று 2011இல் அறிவித்தது. 2018இல் வெளிவந்த அடுத்த முடிவு, இடைப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றியது என்றது. பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட இடத்தில் கற்களைப் பொறுக்காமல், காட்சிக்கூடத்தில் உட்கார்ந்து ஒரு கைக்கோடரியை வரையலாம். தொல்லியல் வரைபடத்தில் ஒளி எப்போதும் இடப்பக்க மேல்மூலையிலிருந்து விழுவதாகக் கொள்வது வழக்கம். ஒவ்வொரு சில்லு பெயர்ந்த தழும்பையும் தனித்தனியே காட்ட வேண்டும். அப்படி வரையும்போது, எந்தத் தழும்பு முதலில் விழுந்தது, செய்தவர் எந்தப் பக்கம் திருப்பித் தட்டினார் என்ற கேள்விகள் தாமே எழும். கைப்பயிற்சி மரபின் நுட்பம் அப்போது ஆய்வுக்குக் கருவியாகிறது.

இரண்டாவது, பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிய இவ்வூர் வழியே சோழமண்டலக் கரையின் துணிகள் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போயின. டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. ஊரின் முஸ்லிம் வீடுகளில் பெண்கள் பனையோலைப் பின்னலை நெடுங்காலமாகச் செய்துவருகிறார்கள். ஒரு பெட்டியின் அடியில் ஓலைகள் எந்த வரிசையில் மேலும் கீழுமாக ஓடுகின்றன என்று கட்டத்தாளில் பதிவு செய்வது கணக்கும் ஓவியமும் சேர்ந்த வேலை. ஆறாம் வகுப்பில் கிடைத்த கணித உபகரணப் பெட்டிக்கு இங்கே புது வேலை பிறக்கிறது. மாவட்டத்தின் மேற்கே நெய்யப்படும் லுங்கியின் கட்டங்களோடு அந்தப் பின்னலை ஒப்பிட்டு, தனக்கென ஒரு கட்டம் அமைப்பது அதன் அடுத்த படி.

மூன்றாவது, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலைகளைச் சுற்றி வளரும் பிள்ளைகள் துருவின் எத்தனையோ நிறங்களைப் பார்த்திருக்கிறார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் தெரு எப்படி மாறுகிறது, இரவு வேலை முடித்து வந்தவர் பகலில் தூங்கும் வீட்டில் வெளிச்சத்தை எப்படி மறைக்கிறார்கள், ஆலைச் சுவரின் எச்சரிக்கைப் பலகையை வேறு மொழிக்காரர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பவை ஓவியத்துக்கு உரிய பொருள்கள். பல மொழி பேசுவோர் வேலை செய்யும் இடத்தில் எழுத்தில்லாமல் புரியும் எச்சரிக்கைப் படம் ஒன்றை வடிவமைப்பது, பத்தாம் வகுப்பு மாணவரால் செய்யக்கூடிய உண்மையான வடிவமைப்புப் பணி. செங்கல் சூளைகளில் கல் அறுக்க ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒடியா பாடநூல்களைக் கொண்டு கற்பித்த அனுபவம் இம்மாவட்டத்துக்கு உண்டு. மொழி கடந்த கற்பித்தலில் ஓவிய வகுப்பு முன்னே நிற்க முடியும்.

தொழில்மயத்தைக் கலை எதிர்கொண்டதற்கு அருகிலேயே முன்மாதிரி இருக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தின் சீரழிவைப் பற்றிக் கபேர் வாசுகி எழுதி டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’ 2017இல் வெளிவந்தது. பாடியவர் சாம்பல் படிந்த அந்த நிலத்திலேயே நின்று பாடினார். பிள்ளைகளிடம் இத்தகைய கண்டனத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. நேரில் போய், நின்று பார்த்து, அதன்பிறகு செய்வது என்ற முறையை அவர்களும் கற்கலாம்.

6. மறுப்புகளும் எடைபோடலும்

இந்த வாதத்துக்கு எதிராக மூன்று மறுப்புகள் எழலாம்.

நேரம் எங்கே என்பது முதல் மறுப்பு. வாரத்துக்கு ஓரிரு பாடவேளையில் இவ்வளவும் நடக்காது. இது நியாயமான கேள்வி. ஆனால் ஆண்டு முழுதும் வாரம் ஒரு படமாகத் தனித்தனிப் படங்கள் வரைவதைவிட, பருவத்துக்கு ஒரே வேலையைத் தொடர்ந்து செய்தால் அதே நேரம் வேறு பலன் தரும். 2012–13இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மதிப்பீட்டில் 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கு ஒதுக்கப்பட்டது. செயல்திட்டங்களுக்கு அங்கே இடமிருந்தது. அந்த நல்ல ஏற்பாடு பல இடங்களில் கடையில் வாங்கிய படங்களைச் சார்ட்டில் ஒட்டுவதாகச் சுருங்கியது. மாணவர் என்ன தேடினார் என்று கேட்காமல், என்ன ஒப்படைத்தார் என்று மட்டும் கேட்டதன் விளைவு அது. நேரத்தை மட்டும் கூட்டினால் போதாது என்பதற்கு அதுவே சான்று.

மதிப்பெண்ணுக்கு உதவுமா என்பது இரண்டாவது. ஓவியம் கற்றால் கணக்கும் அறிவியலும் தாமே உயரும் என்று கலையின் நண்பர்கள் சொல்வதுண்டு. எலன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும் 2000இல் வெளியிட்ட பெரிய மதிப்பாய்வு, காட்சிக்கலைக்கு அப்படியொரு நேரடி விளைவு உண்டு என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை என்றது. ஆகவே அந்த வாக்குறுதியை நாம் தரக் கூடாது. அதே ஆய்வாளர்கள் பாஸ்டன் பகுதி உயர்நிலைப் பள்ளிக் கலை வகுப்புகளைக் கூர்ந்து பார்த்து 2007இல் எழுதிய நூல், அங்கே உண்மையில் கற்பிக்கப்படும் எட்டுப் பழக்கங்களைக் காட்டியது. கூர்ந்து பார்த்தல், விடாமல் முயலுதல், செய்ததைத் திரும்பிப் பார்த்தல், இல்லாததை மனத்தில் காணுதல் ஆகியவை அவற்றுள் சில. இவை மதிப்பெண்ணாக மாறினாலும் மாறாவிட்டாலும் கல்வி என்று பெயர் பெறத் தகுந்தவை.

மூன்றாவது மறுப்பே மிகக் கனமானது. ஊரை வரையச் சொன்னால், முகாமில் வாழும் பிள்ளையும் சூளையில் வாழும் பிள்ளையும் தங்கள் துன்பத்தைக் காட்சிக்கு வைக்க வேண்டிவருமே? இந்த அச்சம் சரியானது. பார்வையாளரின் இரக்கத்துக்காக ஒரு பிள்ளையின் வறுமையைச் சுவரில் மாட்டுவது வன்முறை. இதற்கு விடையும் நம் அடிப்படைக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. கேள்வி மாணவருடையதாக இருக்கும்போது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற முடிவும் அவருடையதே. முகாமில் வளரும் மாணவி விண்வெளியை வரைய விரும்பினால், அது அவள் உரிமை. ஊர் ஒரு வாய்ப்பு மட்டுமே. கட்டாயம் ஆகக் கூடாது.

7. செய்யக்கூடியவை

இந்த ஆய்விலிருந்து சில முடிவுகள் பிறக்கின்றன. எல்லா உயர்நிலைப் பள்ளியிலும் 9, 10ஆம் வகுப்புகளுக்கு முழுநேர ஓவிய ஆசிரியர் வேண்டும். ஆண்டுதோறும் பணி நீடிக்குமா என்று தவிக்கும் ஒருவரிடம் நீண்டகாலச் செயல்திட்டத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆறாம் வகுப்புக்கு மேலும் வண்ணம் தொடர்ந்து தரப்பட வேண்டும். முடிந்த படத்தோடு, அதற்கு முந்தைய கிறுக்கல்கள், கைவிட்ட முயற்சிகள், குறிப்புகள் அடங்கிய நோட்டையும் மதிப்பிட வேண்டும். கலைத் திருவிழாவில் மேலிருந்து தலைப்புத் தராத, பருவம் முழுதும் செய்த வேலையைக் காட்டும் ஒரு பிரிவைச் சேர்க்கலாம்; அதில் நடுவர் மாணவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாளேனும் பூண்டிக்கோ பழவேற்காட்டுக்கோ பிள்ளைகளை அழைத்துப்போகப் பேருந்துச் செலவை ஒதுக்க வேண்டும்.

கலைப் பாடத்தைப் பத்தாம் வகுப்புவரை கட்டாயமாக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பையொட்டி அமைந்த கலைக்கல்விக் குழு பரிந்துரைத்தது. அதன்பின் தேசிய அளவிலும் மாநில அளவிலும் புதிய கல்விக் கொள்கைகள் வந்துவிட்டன. அந்தப் பரிந்துரை இன்னும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. ஆசிரியர் பணியிடமும் வண்ணமும் பேருந்துச் செலவும் அரசு தர வேண்டியவை. அவற்றைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அடுத்த ஓவியப் பாடவேளையில் கரும்பலகையில் தலைப்பு எழுதுவதற்கு முன், “நீ எதைப் பார்க்க விரும்புகிறாய்?” என்று பிள்ளையிடம் கேட்பதற்கு எந்த அரசாணையும் வேண்டியதில்லை. ஓவிய ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் அதை இந்தப் பருவத்திலேயே தொடங்கலாம், தொடங்க வேண்டும்.